அனுப்புவதா, இறக்குவதா

இஸ்ஸதீன் டொக்டர் சட்டப்படி டொக்டர் அல்ல. பழைய ஆட்கள் அப்போதிக்கரி என்று சொல்வார்களே, அந்த உதவி வைத்தியர் உத்தியோகம் அவருடையது. ஆனால் கற்பிட்டிக் குடாநாட்டின் அந்தத் துண்டு மணலில், குறிஞ்சிப்பிட்டி வெங்காயத் தோட்டங்களிலிருந்து கடற்கரை மீன்வாடிகள் வரைக்கும், காய்ச்சல் வந்தவனுக்கும் கத்தி பட்டவனுக்கும் அவர் ஒருவர்தான் இருந்தார். இருக்கிற ஒரே ஆளை டொக்டர் என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது? அரசாங்கம் கட்டிக் கொடுத்த இரண்டு அறை மருந்தகம், கால் ஆடும் ஒரு மேசை, மூன்று கதிரை, நம்பர் துண்டு கொடுத்து ஆட்களை வரிசையாக உள்ளே அனுப்பும் பாக்கியம்மா. இவ்வளவும்தான் அவருடைய ஆஸ்பத்திரி.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் வடக்கே முசலியிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் சனத்தில் ஒருவர் அவர். முகாமில் இருந்து படித்து, சோதனை பாஸ் பண்ணி, உத்தியோகம் எடுத்து, இந்த மணலிலேயே றுக்கியாவைக் கட்டி, வீடும் கட்டிவிட்டார். யுத்தம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் காணி துப்புரவாக்க முசலிக்குப் போய்வரத் தொடங்கினார்கள். அவர் போகவில்லை. கேட்டால், "நான் போனா இவனுகளுக்கு ஆரு ஊசி போடுற?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஒருவனுக்குப் பெருமைப்பட ஏதாவது வேண்டும்தானே.

பெருமைப்படக் காரணமும் இருந்தது. நோயாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் பாதி முடிவு எடுத்துவிடுவார். அழுகிற பிள்ளையைக் கடைசியில் பார்ப்பார். அழாமல் தாயின் தோளில் கிடக்கிற பிள்ளையிடம் எழுந்து ஓடுவார். வெங்காயத் தோட்டத்துக்காரன் எச்சில் வழிய வந்தால், வயிற்றுக்கோளாறு என்று அவன் ஆயிரம் சத்தியம் பண்ணினாலும் முதலில் அவனுடைய சட்டையை மோந்து பார்ப்பார். பூச்சிமருந்து அடித்த வாடை வந்தால் அடுத்த நிமிடம் அவன் கையில் ஊசி ஏறியிருக்கும். சனம் இதைக் கைராசி என்றது. கைராசியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரே காட்சியை ஆயிரம் தடவை பார்த்தவனுக்கு ஆயிரத்தோராவது தடவை பார்க்கத் தேவையிருக்காது. அவருடைய கெட்டித்தனம் முழுக்க அதுதான், அவருடைய கேடும் அதுதான் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

காலையில் வரும் கூட்டத்தில் ஆறுதலாகப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை. மருந்தகத்தில் ஒவ்வொரு நோயாளியும் கடைசியில் ஒரே கேள்விதான்: வைத்துக்கொள்வதா, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதா? வைத்துக்கொண்டு ஆள் முடிந்தால் பழி அவர் தலையில். சும்மா சும்மா அனுப்பினால் அங்கேயிருந்து மகன் வயதுள்ள டொக்டர்மார் தொலைபேசியில் ஏறி விழுவார்கள். "இதையெல்லாமா அனுப்புறது? நீங்க அங்க என்ன செய்றீங்க?" என்று ஒருதரம் ஒரு பொடியன் கேட்டான். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் யாரையும் லேசில் அனுப்பவில்லை. நேற்றுக் கேட்ட ஏச்சு இன்றைக்கு வருகிறவனின் மருந்தைத் தீர்மானிக்கும். படித்த டொக்டர்மாருக்கும் இது நடக்கும்; அவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

கடற்கரைக்காரர்களால்தான் அவருக்குப் பெரிய தலையிடி. யுத்தம் முடிந்து கடல் திறந்ததும் கடலட்டைக்கு நல்ல விலை வந்தது. மீன் வலை போட்ட கத்தோலிக்கப் பொடியன்கள் முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அட்டை பொறுக்க இறங்கினார்கள். ஆழத்தில் மூச்சுவிட்ட காற்று இரத்தத்தோடு கலந்திருக்கும். மெல்ல மேலே வந்தால் மெல்ல வெளியேறும். அவதியில் வேகமாக வந்தால் சோடாப் போத்தல் திறந்த மாதிரி உடம்புக்குள் நுரைக்கும். பிறகு தோள் நோகும், கால் விறைக்கும், சிலருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் இராது. அதற்கு வைத்தியம் ஓர் இரும்புக் கூண்டு. ஆளை உள்ளே வைத்துக் காற்றை அமுக்க வேண்டும். அந்தக் கூண்டு இருந்தது கடற்படையிடம், எங்கேயோ நாட்டின் மறு பக்கத்தில்.

ஆகவே சுழியோடிகள் தங்களுக்குத் தாங்களே ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். கால் விறைத்தவனுக்கு இன்னொரு சிலிண்டரைக் கட்டி, இரண்டு பேர் கக்கத்தில் பிடித்துத் திரும்பவும் ஆழத்துக்குக் கொண்டுபோய், அரை நாளாக மெல்ல மெல்ல மேலே கொண்டுவருவார்கள். இதை "இறக்குவது" என்பார்கள். சிலருக்குச் சுகம் வரும். சிலருக்கு வராது. செய்யவே கூடாது என்று இஸ்ஸதீன் படித்திருந்தார், செய்யவும் விடவில்லை.

வாடிகளில் பெரிய ஆளான பஸ்தியானின் தம்பி சவிரியானுக்குக் கால் விறைத்தபோது நடந்ததை அந்தக் கரையே அறியும். இறக்குவோம் என்று பஸ்தியான் நின்றான். இஸ்ஸதீன் கையைக் குறுக்கே வைத்து மறித்து, இருந்த ஒக்சிஜனைப் போட்டு, முறைப்படி அம்புலன்ஸில் அனுப்பினார். பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், மேலிடத்துக்குக் கதைத்தார்கள், வாகனம் தேடினார்கள். கூண்டுக்குள் சவிரியான் போய்ச் சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. இப்போது அவன் சில்லுக் கதிரையில் இருந்து வலை பின்னுகிறான். "டொக்டர் புத்தகப்படி செய்தவர். அதுதான் தம்பி கதிரையில இருக்கிறான்" என்று பஸ்தியான் போகிற வருகிற இடமெல்லாம் சொன்னான்.

அடுத்த வருடம் ஒரு பொடியனுக்கு அதே விறைப்பு வந்தது. இந்தமுறை மருந்தகத்துக்குக் கொண்டுவராமலே இறக்கிவிட்டார்கள். மறுநாள் காலை அவன் தன் காலாலேயே நடந்து உள்ளே வந்தான். பின்னால் பஸ்தியான்.

"ஒருக்காப் பாருங்க டொக்டர். குறை இருந்தாச் சொல்லுங்க."

இஸ்ஸதீன் பார்த்தார். ஊசியால் குத்தி, சுத்தியலால் தட்டி, நடக்கவைத்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அவருக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். புத்தகம் சொன்னதைச் செய்தவன் கதிரையில் இருக்கிறான், செய்யாதவன் நடந்து வருகிறான். இரண்டு ஆட்களை வைத்து எதையும் முடிவுகட்டக்கூடாது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன? கண்ணால் கண்டதை மனம் விடுமா?

தினுஷன் வந்தது தலவில தேவாலயத்து மார்ச் திருவிழாக் காலத்தில். பெரியாஸ்பத்திரி அம்புலன்ஸ் கோயிலடியில் நின்றது. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பாலாவி வீதி முழுக்க யாத்திரை பஸ்கள். மருந்தகத்திலும் அன்றைக்குக் கூட்டம் வாசல்படி தாண்டி வேலிவரை நின்றது. நடுக்காலையில் பஸ்தியானும் இன்னொருவனும் தினுஷனைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்தார்கள். எமிலியாவின் மூத்த பிள்ளை அவன். தகப்பன் இன்னாசிப்பிள்ளை செத்தபிறகு தாயையும் தங்கச்சி டெனிஷாவையும் பார்க்கிறவன். கால் இரண்டும் மணலில் இழுபட்டன.

"கால் விறைச்சிட்டு டொக்டர்" என்றான் பஸ்தியான். "சவிரியானுக்கு வந்த அதே சாமான். சிலிண்டர்ல காத்து முடிஞ்சு, ஒரே இழுப்பில மேல வந்துட்டான்."

நோய் இன்னதென்று சொன்னது பஸ்தியான். இஸ்ஸதீன் அதற்குச் சாட்சி தேடினார், அவ்வளவுதான். காலைத்தான் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். பெருவிரலிலிருந்து தொடைவரை ஊசியால் குத்தி எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று கேட்டார். தூக்கச் சொன்னார், மடக்கச் சொன்னார். எல்லாம் சவிரியானுடையது போலவே இருந்தது. சவிரியானுக்கு இருந்ததைத் தேடினால் சவிரியானுக்கு இருந்ததுதான் அகப்படும்.

"நெஞ்சு ஒரு பக்கம் குத்துது டொக்டர்" என்றான் தினுஷன். அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"பயத்தில அப்படித்தான் இரிக்கும் தம்பி. ஆறுதலா மூச்சு விடுங்க."

இதைச் சொல்லும்போது நெஞ்சு கேட்கும் குழாய் அவருடைய கழுத்தில்தான் கிடந்தது. நெஞ்சில் வைத்துக் கேட்க ஒரு நிமிடம் போதும். அவர் வைக்கவில்லை. அலட்சியம் என்று சொல்ல என்னால் முடியாது. அவருடைய மனம் அந்த நேரம் காலில் இல்லை, நெஞ்சிலும் இல்லை. வீதியில் நின்றது. அனுப்பினால் இந்த நெரிசலில் எப்போது போய்ச் சேரும், அங்கே எத்தனை மணித்தியாலம், கூண்டுக்கு எத்தனை நாள்? இறக்கினால்? நோய் இன்னதென்ற கேள்வியை அவர் மூடிவிட்டார். என்ன செய்வது என்ற கேள்வி மட்டும் திறந்து கிடந்தது.

அந்த நேரம்தான் எமிலியா ஓடிவந்தாள். கருவாடு காயப்போட்ட இடத்திலிருந்து அப்படியே வந்திருந்தாள். கையில் உப்பு. மகனைப் பார்த்தாள், பஸ்தியானைப் பார்த்தாள், பிறகு டொக்டரை.

"இறக்குவம் எண்டு நாங்க நிக்கிறம்" என்றான் பஸ்தியான். "இந்தமுறை நீங்க சொல்லுங்க டொக்டர். அனுப்புறதா, இறக்குறதா? நீங்க சொல்றதுதான்."

எமிலியா கிட்ட வந்தாள்.

"டொக்டர், இவன் உங்கட புள்ளையெண்டா என்ன செய்வீங்க?"

டொக்டர்மாரிடம் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதுவரை அவர் முன்னால் ஒரு நோயாளி இருந்தான். இப்போது ஒரு மகன் இருந்தான். அவருக்குச் சவிரியானின் சில்லுக் கதிரை நினைவு வந்தது. தன் காலால் நடந்து வந்த பொடியன் நினைவு வந்தான்.

"என்ட புள்ளையெண்டா இறக்குவன்" என்றார்.

எமிலியா அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவர்கள் தினுஷனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாக்கியம்மா அடுத்த துண்டைக் கூப்பிட்டாள். வந்தது சிரங்குப் பிள்ளை ஒன்று. அவர் களிம்பு கொடுத்தார்.

பின்னேரம் மருந்தகம் பூட்டுகிற நேரம் பஸ்தியான் வந்தான். ஈரச் சாரத்தோடு நிலத்தில் குந்தினான். அவன் சொல்லத் தேவையில்லை, முகமே சொன்னது. ஆனாலும் சொன்னான்.

"கீழ நல்லா இருந்தவன் டொக்டர். நெஞ்சுக்குத்தும் போயிட்டுது எண்டு கையால காட்டினவன். கால் ரெண்டையும் ஆட்டினவன். எங்களுக்குச் சந்தோசம். மெல்ல மெல்லத்தான் மேல கொண்டு வந்தம், மாதா மேல சத்தியமா அவதிப்படேல்ல. மேல வர வரத்தான் அடிச்சுக்கொண்டான். நெஞ்சைப் பிய்க்கிற மாதிரி. வெளிச்சம் தெரியிற தூரத்தில கையை விட்டுட்டான்."

இஸ்ஸதீனின் மூளை அப்போதுதான் வேலை செய்தது. அவ்வளவு அழகாகக் காலையில் வேலை செய்திருந்தால் என்ன? கீழே சுகம், மேலே வர வர மோசம். காற்று முடிந்து ஒரே இழுப்பில் வந்தவன், மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பான். ஒரு பக்க நுரையீரல் கிழிந்து காற்று வெளியே வந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கியிருக்கும். குத்து அதுதான். கிழிந்த இடத்தால் இரத்தத்துக்குள் போன காற்றுக் குமிழ்தான் காலையும் விறைக்க வைத்தது. கடலின் அடியில் அமுக்கத்தில் அந்தக் காற்றுச் சுருங்கும், சுகமாக இருக்கும். மேலே கொண்டுவரக் கொண்டுவர அது ஊதிப் பெருத்து நுரையீரலையும் இருதயத்தையும் நசுக்கும். குழாயை வைத்திருந்தால் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் இருந்திராது. இரண்டு விலா எலும்புக்கு நடுவில் ஒரு தடித்த ஊசி, காற்று உஸ் என்று வெளியேறும். அந்த ஊசி மேசைமேல் தட்டில் கிடந்தது. அதன் பிறகு அனுப்பியிருந்தால் அவனுக்குக் கால் போயிருக்கலாம். உயிர் போயிருக்காது.

"அல்லாஹ்" என்றார். பஸ்தியான் அதை அனுதாபம் என்று எடுத்துக்கொண்டு அழுதான்.

பிரேத பரிசோதனையில் வலது நுரையீரல் சுருங்கிக் கிடந்தது என்று வந்தது. மரண விசாரணைக்கு அவரையும் கூப்பிட்டார்கள். கேட்டால் உள்ளதைச் சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனார். ஆனால் அவருக்கு முன்னால் பஸ்தியான் எழும்பினான்.

"டொக்டர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் சொன்னவர். நாங்கதான் கேக்கேல்ல. நான்தான் இறக்கினன்."

விசாரணை அதிகாரி பஸ்தியானை நன்றாக ஏசினார். கடலில் நடந்த விபத்து என்று முடித்தார். இஸ்ஸதீனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் பஸ்தியான் பொய்ச்சாட்சி சொன்னவனாகிவிடுவான் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டார். வெளியே வந்து பஸ்தியானைப் பிடித்துக் கேட்டார்.

"ஏன் அப்படிச் செல்லினீங்க?"

"உங்கள வேற இடத்துக்கு மாத்திப் போட்டா எங்களுக்கு ஆர் இருக்கா டொக்டர்?" என்றான் பஸ்தியான். "சவிரியானுக்காக நான் உங்கள ஏசின ஏச்சுக்கு இது ஈடு எண்டு வைச்சுக்கொள்ளுங்க. நீங்க எங்கட சொல்லக் கேட்டுத்தானே இறக்கச் சொன்னீங்க. மற்றது விதி."

அதற்குப் பிறகு அவருடைய வேலை நாறிப்போனது. காலில் சேற்றுப்புண் என்று வந்தவனுக்கும் சட்டையைக் கழற்றச் சொல்லி நெஞ்சில் குழாய் வைத்தார். முன்பக்கம், பின்பக்கம், திரும்பவும் முன்பக்கம். வாசலில் செருப்புக் கழற்றும்போது எடுத்த முடிவை இப்போது மேசைக்கு வந்தும் எடுக்க முடியவில்லை. அழுகிற பிள்ளையும் பயம், அழாத பிள்ளையும் பயம். கொஞ்சம் வயிறு நொந்தாலும் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கேயிருந்து ஏச்சு வந்தது. ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு அடுத்த ஆளையும் அனுப்பினார். கவனம் கூடினால் நல்லதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். இது கவனம் இல்லை, நடுக்கம். தோட்டத்து மனிதன் ஒருவன் மருந்து வாடையோடு வந்தபோது, ஊசியை உடனே போடாமல் நெஞ்சைக் கேட்டுக்கொண்டே நின்றார். பாக்கியம்மாதான் கத்தி ஊசியைக் கையில் கொடுத்தாள். அந்த மனிதன் தப்பியது அவனுடைய ஆயுள்.

எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருப்பார். எமிலியாவைத்தான் தாங்க முடியவில்லை. அவளுக்குப் பிரஷர். மாதா மாதம் வருவாள். கறுப்புச் சீலையில் வந்து, கடுதாசியில் சுற்றிய சீலாக் கருவாட்டை மேசையில் வைப்பாள். "நீங்க ஒருத்தர்தான் டொக்டர் அவன உங்கட புள்ளையா நினைச்சுப் பாத்தீங்க" என்பாள். ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வாள். வீட்டில் றுக்கியா அந்தக் கருவாட்டைப் பொரித்தால் அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பிவிடுவார்.

றுக்கியாவுக்கு முழுக் கதையும் தெரியும். "முசலிக்கு இடமாற்றம் கேளுங்க" என்றாள். "ரோட்டும் போட்டாச்சு, வாப்பாட காணியும் இரிக்கி. இங்க இருந்து வேகுறத விட அங்க போய் மண்ணக் கொத்தலாம்."

"அந்த மனிசிக்குச் செல்லாமப் போகவா?"

"செல்லி? மகன் எழும்பி வருவானா? உங்களுக்குப் பாரம் குறையும். அவக்கு?"

றுக்கியா சொன்னது அவருக்கு விளங்கியது. விளங்கியும் அவரால் முடியவில்லை. தப்புச் செய்தவன் தண்டனை வேண்டும் என்று ஏங்குவது ஒரு வகைச் சுயநலம். அதைத் தியாகம் என்று அவன் நினைத்துக்கொள்வான். அடுத்த மாதம் எமிலியா வந்து கருவாட்டை வைத்து, அதே வார்த்தையைச் சொல்லி, கையை நீட்டினாள். பிரஷர் பட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"எமிலியாக்கா, நான் அவன ஒழுங்காப் பாக்கல்ல."

அவள் விளங்காமல் பார்த்தாள். அவர் சொன்னார். காலை மட்டும் பார்த்ததை, நெஞ்சுக் குத்தை அவன் சொன்னதை, பயம் என்று தான் சொன்னதை. நுரையீரலை, காற்றை, கடல் அதை எப்படிப் பெருக்கும் என்பதை, ஓர் ஊசி போட்டிருந்தால் அது வெளியேறியிருக்கும் என்பதை. மருத்துவச் சொல் ஒன்றும் போடாமல், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். இறக்கியதால்தான் செத்தான் என்றார். இறக்கச் சொன்னது தான் என்றார்.

பட்டி அவளுடைய கையில் தொங்கியது.

"அந்த ஊசி இங்கதான் இருந்ததா?"

"ஓம்."

"இந்த மேசையிலயா?"

"ஓம், அக்கா."

அவள் மேசையைப் பார்த்தாள். பிறகு பட்டியைத் தானே கழற்றி மடித்து வைத்தாள்.

"இவ்வளவு நாளும் கடல் எடுத்துட்டு எண்டு இருந்தன்" என்றாள். குரல் உயரவில்லை. "அவன்ர அப்பாவையும் அதுதான் எடுத்தது. கடலோட கோவிச்சு என்ன செய்ய, அதுதானே சோறும் போடுது எண்டு மனச ஆத்தி வைச்சிருந்தன். இத ஏன் எனக்குச் சொன்னீங்க?"

இஸ்ஸதீன் மடித்த பட்டியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"நான் இனி என்ன செய்ற? பஸ்தியானிட்டச் சொன்னா, உங்களுக்காகப் பொய் சொன்னவன் அவனே கத்தியத் தூக்குவான். பொடியங்கள் வந்து இந்தக் கதிரை மேசையெல்லாம் உடைப்பாங்கள். நீங்க மாற்றம் வாங்கிக்கொண்டு போயிருவீங்க. பிறகு இந்தச் சனம் எங்க போறது? சொல்லாம இருந்தா நான் இத வைச்சுக்கொண்டு சாகோணும்." அவள் எழும்பினாள். "ஒருத்தரிட்டயும் சொல்லாதீங்க. எனக்குச் சொன்னதோட நிக்கட்டும்."

பிரஷருக்குப் போடும் குளிசையை எடுக்காமல் போய்விட்டாள்.

அந்த மாதம் வரவில்லை, அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை. மாற்றம் கேட்கும் நினைப்பை இஸ்ஸதீன் விட்டுவிட்டார். அந்த மனிசி வாயை மூடிக்கொண்டிருப்பதே தான் இங்கே இருக்க வேண்டும் என்பதற்காக, பிறகு எப்படிப் போவது? கடற்கரைக்காரர்கள் பழையபடி வந்தார்கள். பஸ்தியான் வந்து அனுப்புவதா இறக்குவதா என்று இன்னொருவனுக்குக் கேட்டபோது, நெஞ்சைக் கேட்டுவிட்டு அனுப்பச் சொன்னார். அவனுக்கும் கால் வரவில்லை. யாரும் அவரை ஏசவில்லை. ஏசினால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு நாள் காலையில் டெனிஷா வந்தாள். வரிசையில் நின்று துண்டு எடுத்து, தன் முறை வந்ததும் உள்ளே வந்தாள்.

"அம்மாவுக்கு டொக்டர். குளிசை போடுறா இல்ல. தலையிடி எண்டு படுத்தபடி. ஞாயிற்றுக்கிழமை கோயில்ல விழுந்தும் போனா. ஒரு பக்கக் கை சோர்வாக் கிடக்கு எண்டிறா."

இஸ்ஸதீன் எழும்பிவிட்டார். "இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"வரமாட்டன் எண்டிறா. கையப் பிடிச்சு இழுத்தும் பாத்தன். இங்க வரச் சொன்னாலும் மாட்டன் எண்டிறா, ஏனெண்டும் சொல்றா இல்ல. நீங்க வந்து சொன்னாக் கேப்பா டொக்டர். உங்கட சொல்ல எப்பவும் தட்டமாட்டா. ஒருக்கா வீட்ட வாங்க."

வீடு நடக்கிற தூரம்தான். போக வேண்டும் என்பது எந்த வைத்தியனுக்கும் தெரியும். போனால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். தன்னைக் கண்டதும் அந்த மனிசிக்குப் பிரஷர் இன்னும் ஏறுமே என்று ஒரு காரணம் கிடைத்தது. அது நல்ல காரணமாகத்தான் இருந்தது. காரணம் தேடுகிறவனுக்கு எப்போதும் நல்ல காரணம்தான் கிடைக்கும். அவர் திரும்ப உட்கார்ந்து, முந்திக் கொடுத்த குளிசையையே எண்ணி உறையில் போட்டார்.

"பாக்காமலே குடுக்கிறீங்களா டொக்டர்?"

"முந்தின அளவுதான். தண்ணியில கரைச்சாவது குடுங்க. கெதியாக் கொண்டு போகப் பாருங்க, மகள்."

டெனிஷா உறையை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அவர்மேல் ஒரு சந்தேகமும் இல்லை. போகத் திரும்பியவள், டொக்டருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, சொன்னாள்:

"கோவம் எண்டு நினைக்காதீங்க டொக்டர். அண்ணாட கதை வந்தா அம்மா இப்பவும் எல்லாரிட்டயும் சொல்லுவா, டொக்டர் அவனத் தலையில இருந்து கால் வரைக்கும் ஒரு இடம் விடாமப் பாத்தவர் எண்டு."

இஸ்ஸதீன் தலையாட்டினார். பாக்கியம்மா அடுத்த துண்டைக் கூப்பிட்டாள்.